இறக்கை இரண்டு

1984 ஜூலை 19, வியாழன், மாலை 6.15
லியூப்லியானா

அக்கா,

இறக்கை இரண்டு. எண்ணியாயிற்று.

தேனீக்கு நான்கு. குளவிக்கு நான்கு. நம் ஊரில் குழந்தைகளைப் பயமுறுத்தப் பயன்படும் கதண்டுக்கும் நான்கு. ஆகவே நீ பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய தீப்பெட்டியில் இருப்பது தேனீ இல்லை, குளவி இல்லை, உன்னைக் கடித்ததென்று பிளாஷ் மாமா சத்தியம் செய்கிற ராட்சசக் கதண்டும் இல்லை. ஈ. குதிரை ஈ. நம் பக்கத்தில் இருப்பதிலேயே பெரிய வகை, இருபத்து மூன்று மில்லிமீட்டர் நீளம். தொழிற்சாலையில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, லென்ஸ் கீறல் பார்க்கும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன்.

இதைப் படித்ததும் துள்ளாதே. உட்கார்ந்து அடுத்ததைப் படி.

இந்த ஈயின் கண்கள் இரண்டும் தலை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவே இடைவெளி இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். இது ஆண். ஆண் குதிரை ஈ யாரையும் கடிக்காது. தோலை அறுக்கும் கத்தி அதன் வாயில் கிடையாது. பூவில் தேன் குடித்துவிட்டுப் போகிற சாது. போன சனிக்கிழமை குளத்தங்கரையில் புல் வாரிக்கொண்டிருந்த உன்னைக் கழுத்தில் கடித்து, உதடு நீலமாகி, மூச்சடைத்து, ஆம்புலன்ஸில் தூக்கிப் போகும்படி செய்தது இது இல்லை.

ஆகவே ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் நிற்கிறது. தேனீ விஷத்தைத் தோலில் குத்திப் பார்த்தார்கள், தடித்துச் சிவந்தது. உனக்குத் தேனீ ஆகாது. அடுத்த கொட்டு கடைசிக் கொட்டாக இருக்கலாம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

கட்டிலருகே சொன்னதையே எழுதுகிறேன். தேன்பெட்டிகளை விற்றுவிடு. மலைக்கு அந்தப் பக்கம் தேனீ வளர்க்கும் ஒப்லாக்குக்கு நானே எழுதிவிட்டேன். ஆகஸ்ட் 16 அன்று வண்டியோடு வருவான். அவை அங்கே இருக்கும்வரை நான் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன். கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொள். உயிரோடு இருந்துகொண்டு நினை.

இந்த ஈயை எங்கே பிடித்தீர்கள்? ‘கழுத்திலிருந்துதான்’ என்று பதில் வந்தால் நம்ப மாட்டேன்.

காஷ்பர்


ஜூலை 23, 1984
லிபோவ்யே

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா நெஷா எழுதுவது. நான் நலம். கஞ்சியும் புளித்த பாலும் இறங்குகிறது. நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

உன் கடிதத்தை நின்றுகொண்டேதான் படித்தேன். மூன்றாவது பத்தியில் தானாகவே உட்கார்ந்துவிட்டேன்.

ஈ விஷயத்தைப் பிளாஷ் மாமாவிடம் கேட்டேன். கழுத்திலிருந்து எடுத்ததில்லையாம். பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் தேனீ வீட்டு ஜன்னலில் செத்துக் கிடந்ததாம். “இருக்கிறதுலயே பெருசாப் பாத்து எடுத்தேன் பொண்ணே. பெருசுதானே கடிச்சிருக்கும்?” என்கிறார். ஆண் கடிக்காது, பெண்தான் கடிக்கும் என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் மிட்ஸ்கா அத்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு நுண்ணோக்கி எதுக்கு? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார். அத்தை கரண்டியோடு எழுந்தாள். நான் விழுந்த பிறகு அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தேன்.

உனக்கு இன்னொன்று தெரியாது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வண்டியில் வந்து இறங்குகிறேன், பிளாஷ் மாமா கையிலிருந்த புல்வாரியைக் கீழே போட்டுவிட்டு சிலுவை போட்டுக்கொள்கிறார்.

“நீ செத்துட்டியே!”

“யார் சொன்னா?”

“நான்தான் சொன்னேன்.”

“யார்கிட்ட மாமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “தேனீங்ககிட்ட.”

நான் கீழே கிடந்த கோலத்தைப் பார்த்து முடிந்தது என்றே நினைத்திருக்கிறார். வீட்டுக்காரர் செத்தால் பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிச் சொல்லாவிட்டால் தேனீக்கள் ஓடிப்போகும், இல்லை வரிசையாகச் சாகும் என்பதுதான் உனக்குத் தெரியுமே. ஆம்புலன்ஸ் பாலம் தாண்டுவதற்குள் எல்லாப் பெட்டியையும் தட்டி, “உங்க எஜமானி போயிட்டா” என்று சொல்லிவிட்டாராம். துக்கத்துணி தேடியிருக்கிறார். புல்லில் என் கருநீலத் தலைத்துணி கிடந்திருக்கிறது. அதையே எடுத்துச் சுருட்டி தேனீ வீட்டுக் கதவில் முடிச்சுப் போட்டுவிட்டார். அது இன்னும் அங்கேயே தொங்குகிறது. கட்டியவர்தானே அவிழ்க்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் அடுத்த சாவு அவர்கள் வீட்டில். அவரோ வெட்கத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. “அதுங்க என்னை ஒரு மாதிரி பாக்குது” என்கிறார். மிட்ஸ்கா அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், “உயிரோட இருக்கிறவளுக்கே காரியம் பண்ணிட்டு வந்திருக்கான் இந்த மனுஷன்” என்று.

நானும் போவதில்லை. நீ சொன்னதால். சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கிறேன். லிண்டன் மரம் பூத்து முடிந்தது. அடுத்த மாதம் பிளாஷ் மாமாவின் வயலில் பக்வீட் தானியம் பூக்கும், தேனீக்களுக்கு அடுத்த விருந்து. பதினெட்டு வருடமாக அந்தப் பெட்டிகளோடு பேசிய வாய் இது. இப்போது அடுப்போடு பேசுகிறது. அடுப்பு பதில் சொல்வதில்லை.

விற்றுவிடுகிறேன், காஷ்பர். நீ படித்தவன், சரியாகத்தான் சொல்வாய். ஒப்லாக் நல்ல மனிதன், பெட்டிகளை உதைக்க மாட்டான். ஆனால் ‘கால் வைக்க மாட்டேன்’ என்று மட்டும் எழுதாதே. அந்த வரியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன், மறுபடி படிக்கவில்லை.

அன்று போட்டிருந்த சட்டையை அத்தை மூன்று முறை துவைத்துவிட்டாள். காலரில் ரத்தக்கறை போகவே இல்லை. உப்பு போட்டுப் பார்க்கலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அக்கா,
நெஷா


ஜூலை 26, வியாழன்
லியூப்லியானா

அக்கா,

சட்டையைத் துவைக்காதே! உப்பு போடாதே!

தேனீ கொட்டினால் ரத்தம் வராது. ஊசி மாதிரி இறங்கும், கொடுக்கு தோலிலேயே நிற்கும். காலரில் கறை படியுமளவு ரத்தம் வர வேண்டுமென்றால் தோல் அறுபட்டிருக்க வேண்டும். அறுக்கிறது எது என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். இவ்வளவு முக்கியமான விஷயத்தை உப்பு போடலாமா என்ற கேள்விக்குள் ஒளித்து அனுப்புகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் போதும். கடித்ததும் கையால் அடித்தாயா? அப்போது தலைத்துணி கழுத்தில் இருந்ததா? யாராவது கொடுக்கை எடுத்தார்களா?

அடித்திருந்தால், அது துணியில்தான் நசுங்கியிருக்கும். அந்தத் துணி பன்னிரண்டு நாளாகக் கூரை நிழலில் நனையாமல், யாரும் தொடாமல், சுருட்டி முடிச்சுப் போட்டபடி இருக்கிறது. இதைவிடச் சிறந்த பாதுகாப்பு எங்கள் ஆய்வகத்தில்கூடக் கிடையாது. பிளாஷ் மாமாவின் முட்டாள்தனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய நாள் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அவரே அவிழ்க்கட்டும். கீழே வெள்ளைத் தாள் விரித்து, மெதுவாக. உதறக் கூடாது. உள்ளே எது இருந்தாலும், கால் ஒன்று மட்டும் இருந்தாலும், பஞ்சில் வைத்துத் தகர டப்பாவில் அனுப்பு. நீ பக்கத்தில் போகாதே. நான் சொன்னது எதுவும் இன்னும் மாறவில்லை.

காஷ்பர்


ஜூலை 31, 1984
லிபோவ்யே

என் அவசரக்காரத் தம்பிக்கு,

ஒரே வரியில் பதில்: ஓங்கி அடித்தேன். துணி கழுத்தில்தான் இருந்தது. கொடுக்கை யாரும் பார்க்கவில்லை.

இனி என் இஷ்டப்படி எழுதுகிறேன்.

பிளாஷ் மாமாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆயிற்று. “துணியைச் சும்மா அவுக்க முடியாது. முதல்ல சொன்னதைத் திருப்பி வாங்கணும்” என்றார். எப்படித் திருப்பி வாங்குவது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லையே! கடைசியில் அவரே முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, பிளம் சாராயம் ஒரு மடக்கு குடித்துவிட்டு, தேனீ வீட்டின் முன்னால் போய் நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் பிளம் மரத்தடியில்.

முதல் பெட்டியைத் தட்டினார். “நெஷா சாகலை. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.” இரண்டாவது. மூன்றாவது. மிட்ஸ்கா அத்தை வேலியில் சாய்ந்துகொண்டு, “சத்தமாச் சொல்லு, அந்தக் கரடிப் படம் போட்ட பெட்டிக்குக் காது கேக்காது” என்று கத்தினாள். அவர் குனிந்து கரடிப் பெட்டிக்கு இன்னொரு முறை சொன்னார். உள்ளேயிருந்து ஒன்று வந்து காதிலேயே கொட்டிவிட்டுப் போயிற்று.

“ஐயோ! உண்மையைச் சொன்னா கொட்டுது!”

“பொய் சொன்னதுக்குக் கொட்டுது,” என்றாள் அத்தை.

நான் சிரித்தேன், தம்பி. பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் பெயரை அவர் ஒவ்வொரு பெட்டியிலும் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு அடியாகத் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. இதெல்லாம் உனக்குப் புரியாது.

முடிச்சை அவிழ்த்தார். தாளில் வைக்கோல் துணுக்கு விழுந்தது. பிறகு கடைசி மடிப்பில், துணியோடு ஒட்டி, அது. ஒரு இறக்கை இல்லை. வயிறு நசுங்கியிருக்கிறது. தலை முழுசாக இருக்கிறது. துணியை உரிக்காமல் அந்த இடத்தையே கத்தரித்துத் தேன் டப்பாவில் வைத்திருக்கிறேன். டப்பாவைக் கழுவினேன், பயப்படாதே.

சீக்கிரம் எழுது. ஆனால் மோசமான செய்தி என்றால் மெதுவாக எழுது.

உன் அன்பு அக்கா,
நெஷா


ஆகஸ்ட் 6, திங்கள்
லியூப்லியானா

அக்கா,

பெண்.

இரண்டு கண்ணுக்கும் நடுவே தெளிவாக இடைவெளி. வாயில் கத்தி இருக்கிறது. முறிந்த இறக்கையின் அடிக்கட்டையோடு சேர்த்தால் இறக்கை இரண்டு. நீளம் இருபத்து நான்கு மில்லிமீட்டர். துணியில் ஒட்டியிருந்த கறையும் ரத்தம்தான். தலைத்துணி கருநீலம், உடம்பில் வியர்வை, பக்கத்தில் குளம். குதிரை ஈக்கு நீ விருந்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாய்.

எந்த வகை என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். பூச்சிப் பிரிவில் இருக்கும் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய குதிரை ஈயில் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு வகை உண்டாம். ஒன்றுக்குக் கண் பச்சை, இன்னொன்றுக்குக் கரும்பழுப்பு. ஆனால் செத்த பிறகு நிறம் மங்கிவிடும், கண்ணை நம்பக் கூடாது. வயிற்றின் முதுகுப் பக்கத்தில், வளையத்துக்கு வளையம் இருக்கும் வெளிர் முக்கோணங்களைப் பார்க்க வேண்டும். அவை அந்தந்த வளையத்தின் மேல் விளிம்பைத் தொட்டால் பச்சைக்கண். தொடாமல் பாதியில் நின்றால் கரியது. நம்முடையதில் நசுங்காமல் மிஞ்சியது இரண்டு முக்கோணம். இரண்டும் தொடவில்லை. கரிய பெரிய குதிரை ஈ. ஐரோப்பாவிலேயே இதைவிடப் பருத்தது அரிது என்றார்.

“நல்லா இருக்கே. எங்ககிட்ட விட்டுட்டுப் போறீங்களா?”

“சாட்சியை யாரும் விட்டுட்டுப் போக மாட்டாங்க,” என்றேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. அந்தத் தாடி டாக்டர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டப்பாவைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“தேனீ கொட்டினா ரத்தம் வருமா டாக்டர்?”

“வராது.”

“எங்க அக்கா காலர்ல வந்திருக்கு. கொடுக்கைத் தேடினீங்களா?”

“மூச்சு நின்னுக்கிட்டிருந்துது, தம்பி. கொடுக்கையா தேடுவோம்?”

அது நியாயம். ஒப்புக்கொண்டேன். பிறகு நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். வருடா வருடம் கொட்டு வாங்குகிற தேனீக்காரர்களில் நிறையப் பேருக்குத் தோல் சோதனையில் தடிக்கும், அதில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்று.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“ஒளியியல். லென்ஸ் பாக்கிற வேலை.”

“அதான் இப்படி முறைக்கிறீங்க.” டப்பாவைத் திறந்து நீண்ட நேரம் பார்த்தார். கெட்டவர் இல்லை. குதிரை ஈ எச்சிலால் இப்படி விழுந்தவர்களை அவர் படித்திருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. “ஈ கடிச்சுதுங்கிறது சரி. அதுக்காகத் தேனீ ஆகும்னு ஆயிடாது. ரெண்டுமே ஆகாமப் போகலாம். நிச்சயமாத் தெரியணும்னா ஒரு வழிதான் இருக்கு.”

அந்த வழி இது. திங்கட்கிழமை 13ஆம் தேதி, காலை எட்டு மணி, ஆஸ்பத்திரியில். கையில் ஊசி ஏற்றி வைத்து, மருந்தெல்லாம் பக்கத்தில் எடுத்து வைத்து, உயிருள்ள தேனீ ஒன்றை உன் முழங்கைக்குக் கீழே கொட்ட வைப்பார்கள். மாலைவரை பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்கள்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஒப்லாக் 16ஆம் தேதி வருகிறான். அதோடு முடிந்துவிடும். உன்னைத் தள்ளுவதற்காக இதை எழுதவில்லை. சொல்லப்போனால் நீ வேண்டாம் என்று எழுதினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

காஷ்பர்


ஆகஸ்ட் 9, 1984
லிபோவ்யே

தம்பி,

வருகிறேன்.

தேனீயை நானே கொண்டுவருகிறேன். கரடிப் பெட்டியிலிருந்து. முன்பலகையில் கரடிகள் வேட்டைக்காரனைப் பாடையில் தூக்கிப் போகிற படம் இருக்கிறதே, சின்ன வயதில் நீ பார்த்து அழுவாயே, அதுதான். அந்தப் பெட்டிக்குத்தான் கோபம் அதிகம். சாதுவான ஒன்றைக் கொண்டுவந்து ஏமாற்றினேன் என்று பிறகு நீ சொல்லக் கூடாது. பிளாஷ் மாமா பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுத் தருவார். என்னோடு அவரும் வருகிறார். கோட்டை இப்போதே துலக்கி மாட்டி வைத்துவிட்டார்.

பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? விழுந்தபோது வலி இல்லை. புல் வாசனை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அந்த இடத்துக்கு மறுபடி போக விருப்பமில்லை. ஆனால் ஜன்னலிலேயே நின்று கிழவியாவது அதைவிடப் பெரிய பயம்.

தப்பாகப் போனால் ஒன்றே ஒன்று. பிளாஷ் மாமாவைச் சொல்ல விடாதே. அவர் ஒரு முறை சொல்லியாயிற்று, இனி அவை அவரை நம்பாது. நீ வந்து சொல். ஒவ்வொன்றாகத் தட்டி, மெதுவாக. உனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று தெரியும். எனக்காகச் சொல்.

நல்லதாக முடிந்தால், வீட்டுக்கு வா. சீஸ் வைத்து மாவுருண்டை அவிக்கிறேன்.

உன் அக்கா,
நெஷா


ஆகஸ்ட் 14, செவ்வாய், காலை 5.40
லியூப்லியானா

அக்கா,

கொட்டு ஒன்று. வீக்கம் ஒன்று, சின்ன ஹேசல் கொட்டை அளவு. வேறு ஒன்றும் இல்லை. இதை நீ என்னைவிட நன்றாக அறிவாய், கை உன்னுடையது. ஆனாலும் எழுதிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இன்னொரு முறை எழுதுகிறேன்: வேறு ஒன்றும் இல்லை.

நேற்று நீ பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டாய். அதனால் உனக்குத் தெரியாத பகுதியைச் சொல்கிறேன்.

நர்ஸ் இடுக்கியால் தேனீயைப் பிடித்து உன் கையில் வைத்தபோது நீ அதனிடம் என்னவோ முணுமுணுத்தாய். மன்னிப்பு கேட்டிருப்பாய். கொட்டினால் அது செத்துப்போகும் என்பதுதான் உன் கவலை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் உன் உதட்டைப் பார்த்தேன். நிறம் மாறுகிறதா என்று பார்த்துப் பார்த்து, எல்லாமே நீலமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. காற்றாட நிற்கலாம் என்று வெளியே வந்தேன். பெஞ்சில் பிளாஷ் மாமா கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆச்சு?” என்றார்.

“ஒண்ணும் ஆகலை,” என்றேன். அதோடு கால் மடிந்துவிட்டது. முழுசாக விழவில்லை, அவர் பிடித்துக்கொண்டார்.

“நர்ஸம்மா! இங்க ஒருத்தன் செத்துட்டான்!” என்று கத்தினார் பார், அந்த மனுஷன். திருந்தவே மாட்டார். நர்ஸ் ஓடி வந்து என் மூக்கில் எதையோ காட்டி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, “அக்காவுக்கா தம்பிக்கா சோதனை?” என்று கேட்டுவிட்டுப் போனாள். உள்ளே நீ சாயங்காலம் என்ன சமையல் என்று டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாய்.

டாக்டர் கடைசியில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். தேனீ உனக்கு எதிரியில்லை. குதிரை ஈ எதிரி, அதில் சந்தேகமில்லை. குளத்தங்கரை, வெயில் வேளை, கருப்புத் துணி மூன்றும் சேரக் கூடாது. ஊசி மருந்து எப்போதும் பையில் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நம்முடைய ஈயை அவர் கேட்டார். கொடுத்துவிட்டேன். அடுத்து யாராவது நீல உதட்டோடு வந்தால் கழுத்துத் துணியையும் பார்ப்பதாகச் சொன்னார்.

ராத்திரி தூங்கினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

இனி நான் செய்யப்போவது:

1. எட்டு மணிக்குத் தபால் நிலையம் திறந்ததும் ஒப்லாக்குக்குத் தந்தி. ‘வர வேண்டாம். விற்பதற்கில்லை.’

2. வெள்ளைத் தலைத்துணி அரை டஜன். கருநீலத்தில் மிச்சம் இருப்பதை அடுப்பில் போடு. நான் வந்து சோதிப்பேன்.

3. பெரிய ரப்பர் பந்துக்குக் கருப்பு வண்ணம் அடித்து, மேலே கூம்பு வலை கட்டி, குளத்தங்கரையில் தொங்கவிடுவேன். வெயிலில் சூடாகும் கருப்புப் பந்தைக் குதிரை ஈ மாடென்று நினைத்து வரும், மேலே பறந்து வலையில் சிக்கும். பிடிபடுவதில் எத்தனை பெண், எத்தனை ஆண் என்று நானே பார்ப்பேன்.

4. ஊசி போட மிட்ஸ்கா அத்தைக்குச் சொல்லித் தருவேன். பிளாஷ் மாமாவுக்குச் சொல்லித் தர மாட்டேன்.

5. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன். கால் வைக்கிறேன். பக்வீட் பூத்திருந்தால் பெட்டிகளை வயலோரம் தூக்கி வைக்க என்னையும் சேர்த்துக்கொள். மாவுருண்டை நிறையச் செய்.

6. பெட்டியை எப்படித் தட்டுவது, எந்தக் குரலில் சொல்வது என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

காஷ்பர்